புகைக்குழாயை மாற்றினால் வண்டி இழுக்குமா?
பெருமாட்டிப் பக்கத்து பிக்கப் வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பெருமாட்டி ஊராட்சி. குளிர்பான ஆலையால் பெயர் வெளியே தெரிந்த பிளாச்சிமடை இந்த ஊராட்சியைச் சேர்ந்ததுதான். வண்டித்தாவளம், கன்னிமாரி பக்கம் டீக்கடையில் நின்றால் ஒரு காதில் மலையாளமும் மறு காதில் தமிழும் விழும். நிலம் கேரளத்தில், சந்தை பொள்ளாச்சியில். இதுதான் இந்தப் பகுதியின் வாழ்க்கை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுபவை பிக்கப் வண்டிகள். பொள்ளாச்சியிலிருந்து காய்கறி வருகிறது. இங்கிருந்து தேங்காய் போகிறது. முதலமடை மாம்பழம், மாட்டுக்கு வைக்கோல், பண்ணைக்குத் தீவனம், பால் கேன், சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்து பிற மாவட்டங்களுக்குப் போகும் கள் என எல்லாவற்றையும் சுமப்பவை இவைதான். வண்டிச் சத்தம் நின்றால் பல வீடுகளில் அடுப்பு நின்றுவிடும்.

வண்டி வைத்திருப்பவர்களில் தவணை கட்டாதவர் குறைவு. சம்பளத்துக்கு ஓட்டுபவர்களில் தமிழர்கள் அதிகம். கடன் கட்டுபவருக்கும் சம்பளக்காரருக்கும் ஆசை ஒன்றுதான்: பாரம் ஏற்றினால் வண்டி முக்காமல் முனகாமல் இழுக்க வேண்டும், டீசலும் குறைவாகக் குடிக்க வேண்டும். இந்த ஆசையைத் தேடித்தான் 'ஹெட்டர்' என்ற சொல் பட்டறைகளுக்குள் நுழைந்திருக்கிறது.

"அண்ணே, லோடு ஏத்துனா மேட்டுல வண்டி ஏறவே மாட்டேங்குது. ஹெட்டர் போட்டா புல்லிங் கூடும்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"மாட்டித் தர்றது எனக்கு அரை நாள் வேலை தம்பி. உங்க வண்டிக்கு அது ஆகுமான்னுதான் முதல்ல பாக்கோணும்."

இப்படிப்பட்ட பேச்சு எந்தப் பட்டறையிலும் காதில் விழக்கூடியதே. எல்லா மெக்கானிக்குகளும் இப்படி நியாயமாகப் பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, வண்டிக்காரர் தாமே விஷயத்தைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போவது நல்லது.

ஹெட்டர் என்றால் என்ன?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்த பிறகு உண்டாகும் புகை, சிலிண்டர் தலையில் உள்ள வாசல்கள் வழியாக வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு வாசல். இந்த நான்கையும் ஒன்று சேர்த்து ஒரே குழாயில் விடுவதற்குக் கம்பெனியில் கனமான வார்ப்பிரும்புப் பாகம் ஒன்றை மாட்டியிருப்பார்கள். அதன் பெயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இது விலை குறைவு, சத்தத்தை அடக்கும், பல ஆண்டு உழைக்கும். ஆனால் அதனுள் இடம் குறுகல். புகை நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஹெட்டர் என்பது இந்த வார்ப்பிரும்புப் பாகத்துக்குப் பதிலாக மாட்டப்படும் எஃகுக் குழாய்த் தொகுதி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். அவை ஏறக்குறைய ஒரே நீளத்தில் வளைந்து வந்து கடைசியில் ஒன்றாகச் சேரும். நான்கும் ஒரே இடத்தில் சேர்வது ஒரு வகை. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது இன்னொரு வகை.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கு தண்டு 180 டிகிரி சுற்றுவதற்குள் ஒரு சிலிண்டர் எரிந்து முடிகிறது. புகை வால்வோ ஏறக்குறைய 240 டிகிரி வரை திறந்திருக்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் புகையை விட்டு முடிப்பதற்குள் அடுத்தது விடத் தொடங்கிவிடுகிறது. குறுகிய மேனிஃபோல்டில் இந்த இரண்டும் மோதிக்கொள்ளும். ஒரே வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்குபவரும் ஏறுபவரும் முட்டிக்கொள்வதைப் போன்றது அது. தனித்தனிக் குழாய் இருந்தால் மோதல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. புகை ஒரு உந்துதலாக வெளியே பாயும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்த வெற்றிடம் போன்ற ஒரு அலை உண்டாகிறது. குழாயின் நீளம் சரியாக அமைந்தால், அந்த அலை சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துவிடும். புதுக் காற்று தாராளமாக உள்ளே வரும். காற்று கூடினால் எரிப்பு கூடும். எரிப்பு கூடினால் சக்தி கூடும். 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்ப்பதற்குக் காரணம், அந்த ஜோடிகள் ஒன்றுக்கொன்று 360 டிகிரி தள்ளி எரிவதுதான்.

கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கு எந்த எஞ்சினுக்கு?

பெட்ரோலுக்குச் சொன்னது டீசலுக்கு ஆகாது

ஹெட்டர் பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் எஞ்சின். எட்டு சிலிண்டர், பெரிய கொள்ளளவு. பந்தயக்காரர்கள் அதிக சுற்று வேகத்தில் சக்தி வேண்டும் என்று இதை மாட்டினார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்கள் மணல்மேட்டில் சீறும் பெரிய பெட்ரோல் வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு இது பொருந்தும்.

நம் பக்கத்து வண்டிகள் வேறு. குட்டி யானை என்று தமிழர்கள் செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. கொண்ட இரண்டே சிலிண்டர் டீசல் எஞ்சின். இரண்டு வாசலுக்குத் தனித்தனிக் குழாய் போட்டு என்ன பெரிய லாபம் வந்துவிடப் போகிறது? 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தில் மூன்று சிலிண்டர் டர்போ டீசல். மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் டர்போ டீசல்.

டர்போ உள்ள வண்டியில் புகை, மேனிஃபோல்டிலிருந்து நேராக டர்போவின் சக்கரத்தில் மோதி அதைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. எனவே புகை சூடாகவும் வேகமாகவும் டர்போவுக்குப் போய்ச் சேர வேண்டும். கனமான குட்டை வார்ப்பிரும்பு இந்த வேலைக்கு ஏற்றது. பல கிலோ எடையுள்ள டர்போவையும் அதுவே தாங்குகிறது. நீளமான மெல்லிய குழாயை வைத்தால் வெப்பம் வழியிலேயே வீணாகும், டர்போ மந்தமாகும், அதன் பாரம் தாங்காமல் குழாய் வெடிப்பு விடவும் கூடும். உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்ற கதைதான்.

பெட்ரோல், சி.என்.ஜி. சிறு வண்டிகளில் பொருத்தமான ஹெட்டரால் ஓரளவு பலன் இருக்கலாம். அதுவும் ஒரு சில சதவீதமே; அதுவும் எஞ்சின் அதிக சுற்றில் ஓடும்போதுதான். பாரம் ஏற்றிய வண்டிக்குத் தேவை குறைந்த சுற்றில் இழுவை. தேவைக்கு மேல் அகலமான குழாயை மாட்டினால் புகையின் வேகம் குறைந்து, அந்த அடி இழுவையே போய்விடும். சத்தம் பெரிதாகக் கேட்பதால் சக்தி கூடிவிட்டதாக மனம் நம்பும். கடிகாரத்தை வைத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இடுக்கி மலைப் பாதைகளுக்கும் இது பொருந்தும். கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏற்றங்களில் திணறுவதை எல்லோரும் அறிவர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கிறது. இழந்த காற்றை ஹெட்டர் திருப்பித் தராது.

பி.எஸ். 6 வண்டி என்றால் தொடவே கூடாது

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளுக்கு பி.எஸ். 6 மாசு விதிகள் கட்டாயமாயின. இந்த வண்டிகளில் புகைக்குழாய் வெறும் குழாயாக இல்லை. நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், டீசல் வண்டியில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி, வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள் என ஒரு சிறு தொழிற்சாலையே அதில் இருக்கிறது. இவற்றில் சில எஞ்சினை ஒட்டியே மாட்டப்பட்டிருக்கும்.

பெட்ரோல் வண்டியில் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஒன்று மேனிஃபோல்டுக்கு அருகில் இருக்கிறது. ஹெட்டர் பொருத்தியதில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் ஏமாந்துபோய் 'பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜுக்காகச் செலவு செய்தவருக்கு மைலேஜே குறையும். டீசல் வண்டியில் வடிகட்டியைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும்.

கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் உண்டு. 'பழைய இரும்புதானே' என்று அதைக் கழற்றிய இடத்திலேயே விட்டு வருபவர், தம் வண்டியின் மதிப்பான பாகத்தை இனாமாகக் கொடுத்துவிட்டு வருகிறார்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

ஹெட்டரை விட்டாலும், வெடித்த மேனிஃபோல்டை மாற்றுவது, எரிந்துபோன பேக்கிங்கைப் புதிதாகப் போடுவது போன்ற வேலை எந்த வண்டிக்கும் ஒரு நாள் வரும். அப்போதும் முறை இதுவே. அருகில் நின்று பார்க்கும் வண்டிக்காரர் இதைத் தெரிந்திருந்தால், வேலை சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்கலாம்.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பது நல்லது. அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் சிலிண்டர் தலைக்குள் முறிந்துவிடும். அதைத் துளையிட்டு எடுக்க ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக நேரலாம். அரை நாள் வேலை அரை வாரம் ஆவது இப்படித்தான்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டி, இரண்டு முகங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். புதுப் பாகத்தின் முகம் சமதளமாக இருக்கிறதா என்று நேரான எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் முகம் வளைந்த மலிவுக் குழாய்கள் எத்தனை பேக்கிங் போட்டாலும் ஊதும். பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடக் கூடாது.

எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே ஓட்டி, பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். ஒரு ஓரத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறு ஓரத்துக்குப் போனால் முகம் தூக்கிக்கொள்ளும்.

குழாய் எதன் மேலும் உரசக் கூடாது. பிரேக் பைப், டீசல் ஓஸ், வயர், ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை பக்கத்தில் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், ஓடும்போது எஞ்சின் ஆடும் என்பதை மறக்கக் கூடாது. கம்பெனி மாட்டிய வெப்பத் தடுப்புத் தகட்டை, 'இடைஞ்சலாக இருக்கிறது' என்று தூக்கி எறியக் கூடாது. ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி சோதித்து முறுக்க வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழ் விட்டுக் காட்டிவிடும். 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டாலும் கசிவு என்றே பொருள்.

சூடும் நஞ்சும்

பாரத்தோடு ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகை 700 முதல் 900 டிகிரி வரை சூடேறும். டீசலில் இது சற்றுக் குறைவு. வார்ப்பிரும்பைவிட மெல்லிய எஃகுக் குழாய் அந்தச் சூட்டைச் சுற்றிலும் வேகமாக வீசும். பெருமாட்டிப் பக்கம் வண்டிகள் ஏற்றுவது வைக்கோலும் தேங்காய் மட்டையும். வைக்கோல் பற்றிக்கொள்ள இந்தச் சூட்டில் பாதி போதும். வண்டிக்கடியில் சிக்கிய ஒரு பிடி வைக்கோல் குழாயைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் தீயைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கம். தூங்கியவர் எழுந்திருப்பதில்லை. 2024 டிசம்பரில் வடகரைக்கு அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த இந்த வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. சந்தைக்கு அதிகாலையில் முதல் வண்டியாக நிற்க வேண்டும் என்று இரவே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி கேபினில் தூங்கும் டிரைவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் அருகே கசியும் குழாய், கேபினுக்கு அடியில் வைத்த விஷம்.

காதும் கெடும். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம். ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். மெதுவாகக் கேட்கும் சக்தி போவதால், போனதே தெரியாமல் போய்விடும்.

சட்டம் டிரைவரையும் பிடிக்கும்

மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். கேரளப் பதிவு, தமிழ்நாட்டுப் பதிவு என்ற வேறுபாடு இதில் உதவாது. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத பாகத்தை மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 190-வது பிரிவு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒலி, புகை அளவுகளை மீறிய வண்டியை ஓட்டுபவர், ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் ஆகிய மூவரையும் அது சேர்த்துப் பிடிக்கிறது. 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. லைசென்சு 3 மாதம் பறிபோகும்.

சம்பளத்துக்கு ஓட்டும் நம்மவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும். குழாயை மாற்றியது முதலாளியாக இருக்கலாம். சாலையில் கையைக் காட்டி நிறுத்தும்போது ஸ்டீயரிங்கில் இருப்பது டிரைவர். லைசென்சு இல்லாமல் மூன்று மாதம் வெளி மாநிலத்தில் வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்க எந்த டிரைவரால் முடியும்? ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு யார் பதில் சொல்வது? "சைலன்சரைப் பழையபடி மாட்டிக் கொடுங்க சார், அப்புறம் வண்டிய எடுக்கறேன்" என்று முதலாளியிடம் பணிவாகச் சொல்ல டிரைவருக்கு உரிமை உண்டு.

2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்ற பெயரில் மாற்றப்பட்ட சைலன்சர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. சாலையில் தப்பினாலும் எப்.சி. காட்டும் இடத்தில் தப்ப முடியாது. சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுத்தாக வேண்டும். விபத்து நேர்ந்தால், 'வண்டியை மாற்றியதை எங்களுக்குத் தெரிவிக்கவில்லை' என்று காப்பீட்டுக் கம்பெனி வாதிடவும் இடம் கிடைத்துவிடும்.

ஹெட்டரின் தாயகமான அமெரிக்காவிலும் இது கேட்பாரற்ற விஷயம் அல்ல. கலிபோர்னியா மாநிலத்தில் புகை மாசைப் பாதிக்கக்கூடிய வெளிப் பாகத்தைச் சாலை வண்டியில் மாட்ட வேண்டுமானால், அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியம் சோதித்து வழங்கிய உத்தரவு எண் இருக்க வேண்டும். இங்கே பெட்டிமேல் ஒட்டிய வண்ணப் படத்தைத் தவிர வேறு எந்தச் சான்றும் இல்லாத குழாய்களைப் பணம் கொடுத்து வாங்குவதில் என்ன புத்திசாலித்தனம்?

கணக்குப் போட்டால்

ஒரு வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறக்குறைய 208 லிட்டர் செலவாகும். ஹெட்டரால் 2 சதவீதம் மிச்சமாகிறது என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டாலும் கிடைப்பது 4 லிட்டர் சொச்சம். லிட்டர் 95 ரூபாய் என்றால் 400 ரூபாய்க்குள். ஒரே ஒரு முறை 5,000 ரூபாய் அபராதம் கட்டினால் ஒரு வருடத்துக்கு மேலான மிச்சம் அன்றே போய்விடும். குழாயின் விலை, கூலி, வேலையில்லாமல் நின்ற நாட்கள் எல்லாம் இதற்கு மேல்.

முதலில் இவற்றைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஓஸில் ஒரு சிறு கீறல் போதும், வண்டி மந்தமாகிவிடும். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. பிரேக் பிடித்தபடியே இருந்தால் சக்கரம் தொட முடியாமல் சுடும். டயரில் காற்றுக் குறைவு, இஞ்செக்டரில் அடைப்பு, வால்வு இடைவெளியில் பிசகு, புகைக்குழாய்க்குள்ளேயே அடைத்துக்கொண்ட கன்வர்ட்டர் என ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பி.எஸ். 6 டீசல் வண்டியில் கரி வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். தோப்புக்கும் கடைக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. அவ்வப்போது நல்ல சாலையில் நிதானமான ஒரே வேகத்தில் சற்று நீண்ட தூரம் ஓட்டினால் பாதி நோய் தீரும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காகிதத்தை ஒட்டி மறைக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோவதே முறை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரம். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவுக்கு மீறிய பாரத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மாட்டின் மேல் பாரத்தை ஏற்றிவிட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்தால் மாடு வேகமாகப் போய்விடுமா?

இந்தப் பக்கம் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் தமிழ் அன்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அக்கம்பக்கத்தில் வண்டி ஓட்டும் தமிழர் பலருக்கு ஆர்.சி. புத்தகமும் காப்பீட்டுப் பத்திரமும் இங்கிலீஷிலோ மலையாளத்திலோதான் கிடைக்கின்றன. ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது, எப்.சி. தேதி எப்போது, புகைச் சான்று எப்போது முடிகிறது என்று படித்துச் சொல்வது பெரிய உதவி. படித்தவர் படிக்காதவருக்குச் செய்யக்கூடிய கைம்மாறு கருதாத தொண்டு அது.

வண்டி என்பது கடன் வாங்கிக் கட்டிய மாடு. அதற்குத் தீனி வைக்கலாம், லாடம் அடிக்கலாம், நோய் வந்தால் வைத்தியம் பார்க்கலாம். மூக்கை அறுத்துவிட்டு மூச்சு நன்றாக வரும் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகாது. ஏர் ஃபில்டருக்கும் எண்ணெய்க்கும் கணக்கோடு செலவு செய்து, அளவோடு பாரம் ஏற்றி ஓட்டுபவரின் வண்டி, சத்தமில்லாமல் தவணையையும் கட்டி முடிக்கும்.